பதினான்காம் விதிக்கு உயிர் இருக்கிறதா

எங்கள் மகளிர் விடுதியின் பதினான்காம் விதி சின்னது: மூன்று ஆண்டுகளுக்கு மேல் யாரும் தங்கக் கூடாது. அதைக் காட்டிப் பதினோரு ஆண்டுகளாக யாரையும் அனுப்பியதில்லை. என் அறையில் இருக்கும் தையல்கார அக்காவுக்கு இது ஒன்பதாவது ஆண்டு. அவரைப் போல இன்னும் ஏழு பேர். எப்படி என்றால், ஆண்டுதோறும் எல்லோரும் புதுப் படிவம் நிரப்புவோம்; சேர்ந்த தேதி என்ற இடத்தில் அன்றைய தேதியைப் போடுவோம்; பழைய வார்டன்கள் தெரிந்தே வாங்கி வைத்துக்கொள்வார்கள். தாளைப் பார்த்தால் விடுதியில் அத்தனை பேரும் புதியவர்கள்.

நான் பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன், மாலையில் சட்டம் படிக்கிறேன். விடுதியில் என் பெயர் வக்கீலம்மா. அந்த வக்கீலம்மாதான், தேர்வு நுழைவுச் சீட்டுக்காக முகவரிச் சான்று கேட்டபோது, விடுதியில் சேர்ந்த உண்மையான தேதியை எழுதிக் கொடுத்தாள். புதிதாக வந்த வார்டன் விரல் மடக்கி எண்ணினார். மூன்று ஆண்டு, இரண்டு மாதம். வெள்ளிக்கிழமைக்குள் காலி செய் என்றார். தேர்வுக்கு இன்னும் பத்து நாள்.

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டியேடி!" என்றார் அக்கா. "எல்லாரும் பொய் எழுதுறோம், உனக்கு மட்டும் என்ன அரிச்சந்திரன் வேஷம்? அவ்வளவு படிக்கிறியே, இதுக்கு அதுல ஒண்ணும் இல்லையா?"

இருந்தது. எங்கள் முதல் தாளே சட்டத் தத்துவம். நெடுங்காலம் பயன்படாத சட்டம் தானாகச் செத்துவிடுமா என்பது அதில் ஒரு கேள்வி. இயற்றியவர்களே நீக்கும்வரை சாகாது என்பார்கள் சிலர். எல்லோரும் வெளிப்படையாக மீறி, அதிகாரத்தில் இருப்பவர்களும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் செத்ததுதான் என்பார்கள் மற்றவர்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தீயணைப்புக் கருவி பதினோரு ஆண்டு சும்மா தொங்கினால் அது செத்ததாகாது, தீப்பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால், 'புல்லில் நடக்காதீர்' என்ற பலகைக்கு அடியிலேயே ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தால், அந்தப் பலகை செத்துவிட்டது. எங்கள் விதி இரண்டாவது வகை. எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. அதைச் சொல்ல வார்டன் அறைக்கு இறங்கிப் போனேன்.

"மேடம், பதினாலாவது விதி செத்துப்போச்சு."

"அடடா, எப்போ? சொல்லியிருந்தா மாலை வாங்கிட்டு வந்திருப்பேனே."

பலகையையும் பாதையையும் விளக்கினேன். கிண்டல் போய், அவர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். அதுதான் வினையானது.

"நல்லா இருக்கும்மா. ஆனா பாதை விழுந்திருக்குன்னா நடந்தவங்க இருக்கணுமே. மூணு வருஷம் தாண்டினவங்க யாரு யாரு? பேரைச் சொல்லு, எழுதிக்கிறேன்."

என் வாதம் நிற்க எட்டுப் பெயர் வேண்டும். வாதத்தை ஏற்றால் ஒன்பது பேரும் பிழைப்போம். ஏற்காவிட்டால் எட்டுப் பேரை நானே பிடித்துக் கொடுத்தவளாவேன். தீர்ப்புச் சொல்லப்போவதோ, கட்டில் காலியாக வேண்டும் என்று காத்திருப்பவர்.

"பேரு... தெரியாது மேடம்."

"அப்போ பாதையும் இல்ல." பேனாவை என் பக்கம் தள்ளினார். குரல் கொஞ்சம் இறங்கியது. "பதினாலாம் விதிப்படி காலி செய்யறேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. பரீட்சை முடியட்டும், இருபதாம் தேதி கிளம்பு. போதுமா?"

போதும். இரண்டு வரி எழுதினால் தேர்வு மிச்சம். பேனாவைத் திறந்த பிறகுதான் உறைத்தது. தூங்கும் விதி ஒருமுறை பயன்பட்டால் விழித்துக்கொள்ளும். பதினோரு ஆண்டில் முதல் பயன்பாடு என் கையெழுத்தாக இருக்கும். நாளைக்கு அக்காவின் பழைய படிவம் யார் கையிலாவது கிடைத்தால், இந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டுவார்கள்: வக்கீலம்மாவே ஒத்துக்கொண்டு போனாளே!

"வேற தாள் ஒண்ணு தாங்க மேடம்."

சொந்தக் காரணங்களால் இருபதாம் தேதி அறையைக் காலி செய்கிறேன், அதுவரை தங்க அனுமதி வேண்டும் என்று எழுதினேன்.

அவர் இரண்டு முறை படித்தார். "விதியைக் காணோமே?"

"நானாத்தானே போறேன். யாரும் அனுப்பலையே மேடம்."

என்னையே பார்த்தார். மின்விசிறி காற்றில் தாளின் ஓரம் படபடத்தது.

"கட்டில் காலியானா சரி," என்று கோப்பில் செருகினார்.

மாடியில் அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். தோளில் அளவு நாடா.

"எங்க பேரு ஏதாச்சும் வந்துச்சா?"

"வரல."

"அப்பாடா!" என்று சுவரில் சாய்ந்தார். பிறகுதான், "உனக்கு?" என்றார்.

"இருபதாம் தேதி வரைக்கும்."

"அதுக்கப்புறம் எங்க போவ?"

"தெரியலக்கா."

அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய், என் கட்டிலில் கலைந்து கிடந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அடுக்க ஆரம்பித்தார்.