டிரம்ஸ் இல்லாத ஆல்பம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்ப்பவருக்கு, கடையில் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர் விமர்சகர். அதில் கொஞ்சம் மரியாதையும் நிறையக் கிண்டலும் இருந்தன. அவர் மரியாதையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

வேலை இதுதான். லென்ஸ் வட்டமாக வரும். ஃபிரேம் என்ன வடிவமோ அந்த வடிவத்துக்கு அதன் ஓரத்தை ஈரச் சக்கரத்தில் கொடுத்துத் தேய்க்க வேண்டும். கண்ணால் பார்த்துச் செய்வதாக வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். பாதி வேலை காதுக்குத்தான். எல்லாம் ஒழுங்காக இருந்தால் சக்கரம் சீராக இரைந்துகொண்டிருக்கும். லேசாகக் கீச்சிட்டால் உடனே கையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் சில்லு தெறித்து லென்ஸ் குப்பைக்குப் போய்விடும். சக்கரம் அவருக்கு இடது கைப்பக்கம். அதனால் இடது காது முதலாளிக்கு, வலது காது தனக்கு என்று வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே பாகப்பிரிவினை செய்துகொண்டார். புது இயர்போன் வாங்கினால் முதல் காரியமாக இடது பக்க ஒயரைக் கத்தரியால் வெட்டி எறிவார். சும்மா தொங்கினால் சக்கரத்தில் சிக்கும் அல்லவா?

அந்த வலது காதில் அவர் கேட்காத பழைய ஆல்பம் இல்லை. உலகமே கொண்டாடிய ஆல்பங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை கேட்டுவிட்டு, டீ நேரத்தில் தீர்ப்புச் சொல்வார். மற்றவர்கள் எழுதியதைப் படிக்க மாட்டார். படித்தால் சொந்தக் கருத்து கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை. அவருக்கு வாய்த்த ரசிகர் ஒருவர்தான். ஃபிரேம்களுக்குத் திருகாணி மாட்டுபவர், எல்லோரும் ஸ்க்ரூ என்று கூப்பிடுபவர்.

"ஈரப் படிக்கட்டுன்னு ஒரு ஆல்பம். மூணாவது பாட்டுல பாடகர் வாயே திறக்கல. வெறும் வாத்தியம். அவ்வளவு பெரிய பாடகர், நான் சும்மா இருக்கேன், நீங்க வாசிங்கன்னு ஒதுங்கிட்டாரு பாரு. அதுதான் பக்குவம்."

"அந்தப் பாட்டை எங்க அக்கா முணுமுணுப்பாங்களே. அதுல வரியெல்லாம் உண்டே?" என்பார் ஸ்க்ரூ.

"உங்க அக்கா வேற ஏதோ பாட்டைச் சொல்றாங்க" என்று விமர்சகர் பெருந்தன்மையோடு முடித்துவிடுவார்.

அவரை உலுக்கி எடுத்த பாட்டு இன்னொன்று உண்டு. 'மூடாத ஜன்னல்' என்ற ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. ஒரு பெண் காதலனிடம் கேள்வி கேட்டுப் பாடுகிறாள். ஒரு வரி கேட்கிறாள், பிறகு நீண்ட மௌனம். அடுத்த வரி கேட்கிறாள், மறுபடி மௌனம். அந்தப் படுபாவி ஒரு வார்த்தை பதில் சொல்வதில்லை. அதை நினைத்து விமர்சகர் சக்கரத்தின் முன்னால் மூக்கை உறிஞ்சியிருக்கிறார். வீட்டில் மனைவியிடம், "இப்படியும் ஒரு கல்நெஞ்சன் இருப்பானா?" என்று ஆற்றாமையோடு கேட்டிருக்கிறார். மனைவி கூடத்தில் டியூஷன் எடுப்பவள். அதனால் வீட்டில் பாட்டுப் போட அனுமதி கிடையாது. "பதில் சொல்லாத ஆம்பளைய நான் பாட்டுல வேற தேடணுமா?" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

இத்தனை ஆல்பங்களில் அவர் டீ நேரத்தில் வாயே திறக்காத ஆல்பம் ஒன்றே ஒன்று. அதன் பெயர் 'இரண்டாம் மாடி'. மனைவியின் தம்பி இளவயதில் இருந்த குழு போட்ட ஒரே ஆல்பம். வந்த காலத்தில் சக்கைப்போடு போட்டது. பிறகு குழு உடைந்து, மைத்துனர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கல்யாணமான புதிதில் அதன் கேசட் ஒன்றைக் கொண்டுவந்து, "மாமா, இதுல டிரம்ஸ் நான்தான்" என்று கூச்சத்தோடு கொடுத்தார். விமர்சகர் மறுநாளே வாக்மேனில் போட்டுக் கேட்டார். நல்ல குரல், நல்ல கிட்டார். டிரம்ஸ் மட்டும் மருந்துக்குக்கூட இல்லை.

இரண்டாம் முறை கேட்டார். இல்லை. பிறகு அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. பையன் குழுவில் எடுபிடியாக இருந்திருப்பான், பாவம், அக்கா புருஷனிடம் கொஞ்சம் அளந்துவிட்டிருக்கிறான். போகட்டும். இதை வெளியே சொன்னால் மனைவியின் மனசு நோகும், மைத்துனர் தலைகுனிவார். அன்றிலிருந்து அவர் அந்த ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு அலைந்தார். அதோடு நிற்கவில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும், கடைக்கு வந்தாலும், "இவர் யார் தெரியுமா? இரண்டாம் மாடில டிரம்ஸ் வாசிச்சவர். என் மச்சினர்" என்று முந்திக்கொண்டு அறிமுகம் செய்தார். தன் பெருந்தன்மையை நினைத்துத் தானே பலமுறை உருகியும் இருக்கிறார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு நாள் மைத்துனர் இனிப்புப் பெட்டியோடு வந்தார்.

"மாமா, இரண்டாம் மாடிய மறுபடி வெளியிடுறாங்க. நூலக மண்டபத்துல விழா. முழு ஆல்பத்தையும் பெரிய ஸ்பீக்கர்ல போடப்போறாங்க. எங்க எல்லாரையும் மேடைல உக்கார வைக்கிறாங்க. ஒவ்வொருத்தரப் பத்தியும் அவங்க வீட்டு ஆள் ரெண்டு வார்த்தை பேசணுமாம். நீங்கதான் பேசணும். நம்ம குடும்பத்துல பாட்டு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க."

விமர்சகர் விழாவைக் கற்பனை செய்து பார்த்தார். பெரிய ஸ்பீக்கர். மண்டபம் நிறைய ஜனம். டிரம்ஸ் வாசித்தவர் என்று மேடையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், பாட்டு பாட்டாக ஓடும், டிரம்ஸ் வராது. அப்புறம் அந்த மனுஷன் ஊரில் முகம் காட்ட முடியுமா? வண்டி கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள்கூடச் சிரிப்பார்கள். யோசித்து யோசித்து, கடைசியில் மனைவியிடம் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தார். அவர் வாழ்க்கையில் எடுத்த மோசமான முடிவுகளில் இதற்கு நிச்சயம் இடமுண்டு.

"உன் தம்பிய எப்படியாவது போக வேண்டாம்னு சொல்லு. அந்த ஆல்பத்துல அவன் வாசிக்கவே இல்ல."

மனைவி சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "என்ன சொன்னீங்க?"

"அதுல டிரம்ஸே கிடையாது. நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன்."

"நானும் கேட்டிருக்கேன். அவன் கை விழுறது ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும்."

இந்த இடத்தில் வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பான். விமர்சகர் அவள் தோளில் ஆதரவாகக் கை வைத்து, "தம்பி மேல இருக்கிற பாசத்துல உனக்கு அப்படிக் கேட்டிருக்கும்மா" என்றார்.

அவள் கையைத் தட்டிவிட்டாள். "இத்தனை வருஷமா என் தம்பி பொய்யன்னு நினைச்சுக்கிட்டா இந்த வீட்டுல அவனுக்குச் சோறு போட்டீங்க?" என்று கேட்டவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். காபி வந்தது, சாப்பாடு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. அவருக்கு அந்த வீடு தாங்கவில்லை. இருந்தாலும் தான் சொன்னது உண்மை என்கிற பிடிவாதம் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றது. மனைவி போனால் போகட்டும், மச்சினரையாவது காப்பாற்றுவோம் என்று பேச்சைத் தயாரித்தார்.

விழா அன்று மதியம் மண்டபம் நிறைந்திருந்தது. மனைவி முன்வரிசையில், அவரைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடையில் பழைய குழுவினர், நரையும் தொந்தியுமாக. இரண்டு ஓரத்திலும் ஆளுயர ஸ்பீக்கர்கள். விமர்சகர் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் இருக்கு. அது கண்ணுக்குத் தெரியுதா? தெரியாது. அதுக்காக அஸ்திவாரமே இல்லைன்னு சொல்லலாமா? என் மச்சினரோட டிரம்ஸும் அப்படித்தான். இன்னிக்கு ஆல்பம் ஓடும்போது அது உங்க காதுல விழலைன்னா தயவுசெஞ்சு யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. கேக்குறது மட்டும்தான் இசையா? கேக்காததும் இசைதான். இந்த ஆல்பத்துல அவர் எவ்வளவு அடக்கமா வாசிச்சிருக்கார்னா, வாசிச்சதே தெரியாது!"

கூட்டம் முழித்தது. பின்வரிசையில் யாரோ தத்துவம் என்று நினைத்துக் கைதட்டினார். மைத்துனர் முகத்தில் ஈயாடவில்லை. விமர்சகர் கடமை முடிந்த நிம்மதியில் மேடையிலேயே நடுநாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

பாட்டு ஆரம்பித்தது. வலது ஸ்பீக்கரிலிருந்து அவருக்கு மனப்பாடமான கிட்டார், மனப்பாடமான குரல். சரிதான் என்று தலையாட்டத் தொடங்கினார். அப்போது இடது பக்கம் இடி விழுந்தது.

அவர் துள்ளிவிட்டார். யாரோ நல்ல மனுஷன் மச்சினரின் மானத்தைக் காப்பாற்ற மேடை ஓரத்தில் நின்று நேராகவே வாசிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தார். எழுந்து இடது பக்கத் திரையை விலக்கிப் பார்த்தார். துடைப்பம் ஒன்று சாத்தி வைத்திருந்தது. திரும்பி மைத்துனரைப் பார்த்தார். அவர் கைகள் இரண்டும் மடியில் இருந்தன. விரல்கள் மட்டும் அந்த இடியோடு ஒன்று தப்பாமல் சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தன. மண்டபமே காலால் தாளம் போட்டது. முன்வரிசையில் மனைவி அழுதுகொண்டிருந்தாள். இந்த முறை அவரையே பார்த்துக்கொண்டு.

திரைக்குப் பின்னால் அப்படியே ஓடிப்போய்விடலாமா என்று யோசித்தார். அங்கே வழி இல்லை, துடைப்பம்தான் இருந்தது.

விழா முடிந்ததும் மைத்துனர் நேராக அவரிடம் வந்தார். "என்ன மாமா அப்படிப் பேசிட்டீங்க? என் வாசிப்பு அவ்வளவு மட்டமா?"

விமர்சகர் சட்டைப்பையிலிருந்து இயர்போனை எடுத்து நீட்டினார். வலது பக்கம் குமிழ் இருந்தது. இடது பக்கம் வெட்டிய ஒயரின் முனை மட்டும். மைத்துனர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்பவும் இதுலதானா?"

"ஆமா மாப்ள."

"அந்தக் காலத்து ரெக்கார்டிங் மாமா! குரல ஒரு பக்கம், டிரம்ஸ ஒரு பக்கம் பிரிச்சு வைக்கிறதுதான் அப்ப ஃபேஷன். அப்ப என்னை நீங்க கேட்டதே இல்லையா?"

"இன்னிக்குத்தான் கேட்டேன். நீ பொய் சொல்றேன்னு நினைச்சுட்டு இருந்தேன். என்னை மன்னிச்சுடுப்பா."

மைத்துனர் இயர்போனை அவர் கையிலேயே திருப்பி வைத்தார். பிறகு, "பொய்யின்னு நினைச்சுக்கிட்டா எல்லார்கிட்டயும் இவர்தான் டிரம்ஸ்னு சொன்னீங்க? எனக்குப் பொண்ணு பார்க்கப் போன இடத்துல, என் மாமனார்கிட்டகூட?"

"ஆமா. உன்னை விட்டுக்கொடுக்க முடியுமா?"

மைத்துனர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. விமர்சகரின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பக்கத்தில் வந்து நின்ற மனைவி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். விமர்சகர் வழியெல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தார். ஈரப் படிக்கட்டு பாடகரின் பக்குவம் போச்சு. ஸ்க்ரூவின் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இனி டீ நேரத்தில் கிரிக்கெட் பேசலாமா என்று பார்க்க வேண்டும், அதையும் ஒற்றைக் கண்ணால் பார்த்துத் தொலைத்திருக்கிறோமோ என்னவோ.

மனைவி கைப்பையைத் திறந்து தன் இயர்போனை எடுத்தாள்.

"கத்தரி எதுவும் கைல இல்லையே?" என்றாள்.

அத்தனை நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது. இல்லை என்று தலையாட்டினார்.

"அந்தக் கல்நெஞ்சன் பாட்டைப் போடுங்க."

வலது குமிழை அவர் காதில் வைத்துவிட்டு இடதைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். பாட்டு ஓடியது. அந்தப் பெண் முதல் வரியைக் கேட்டாள். பிறகு அவருக்குப் பழக்கமான அதே மௌனம். மனைவி மெல்லச் சிரித்தாள்.

"என்ன?"

"பதில் சொல்றான் அவன்."

"என்ன சொல்றான்?"

"வாசல்லதான் நிக்கிறேன், நீ எழுந்து வரலியான்னு கேக்குறான்."

அடுத்த வரி வந்தது. அடுத்த மௌனமும் வந்தது. கையை நீட்டி அந்த இடது குமிழை வாங்கிக்கொண்டால் அவரே கேட்டிருக்கலாம். அவர் வாங்கவில்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும் அவள் பக்கம் சாய்ந்து, "இப்ப என்ன சொல்றான்?" என்று கேட்டார். அவள் இறங்கும் இடம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.