தொழில் மறந்த செல்

தம்பியின் கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்த துண்டு ஊர் பேர் தெரியாத துண்டாக இருந்தது. தோல் செல்லா, சுரப்பி செல்லா, நரம்பா என்று கண்டுபிடிக்கும் சாயம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் ஒட்டவில்லை. மிச்சம் ஒரே ஒரு சாயம். பழுப்பு ஏறினால் அது வெள்ளையணுக் குடும்பத்துப் புற்று, மருந்துக்கு மடங்கும். ஏறாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை, ஆமையும் சொல்லவில்லை.

ஆமை என் கல்லூரித் தோழன், மேல்மாடியில் திசு பரிசோதிக்கும் டாக்டர். அவன் நிதானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. நான் கீழ்மாடியில் கடற்பஞ்சு என்ற ஆதிகால உயிர்களை ஆராய்ந்து மாரடிக்கிறவள். ஆதியில் தனியாகத் திரிந்த செல் நீந்தியது, இரை பிடித்தது, செரித்தது, பெருகவும் செய்தது. ஒற்றை ஆள் நடத்தும் கடை மாதிரி. சேர்ந்து வாழத் தொடங்கிய பிறகுதான் ஒன்று மேலுறையானது, ஒன்று செரிப்பதை எடுத்துக்கொண்டது, ஒன்று சேதி சொல்லப் போனது. ஒரு தொழிலில் தேற மற்றதையெல்லாம் விட்டது. இப்படித்தான் நடந்திருக்கும் என்று வகுப்பு வகுப்பாக ரசித்துச் சொன்னவள் நான். இப்போது அதே கதை பின்னோக்கி ஓடுகிறது. கற்ற தொழிலைக் கைவிட்டு, பெருகுவது ஒன்றே வேலையாகத் திரியும் செல், என் தம்பியின் கழுத்துக்குள்.

ஆமை கூப்பிட்டதும் மேலே ஓடினேன். கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போயிருந்தான். பொறுக்க முடியாமல் குனிந்து பார்த்தேன். எங்கு பார்த்தாலும் பழுப்பு.

உடனே தம்பிக்குப் போன் போட்டேன். "டேய், சாயம் ஏறிடுச்சு. இதுக்கு மருந்து இருக்குடா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "நிஜமாவாக்கா?"

"என் கண்ணால பார்த்தேன்டா."

போனை வைத்தபோது ஆமை பின்னால் நின்றிருந்தான்.

"எதைப் பார்த்த?"

"பழுப்பு. நல்லா ஏறியிருக்கு."

"அது டான்சில், வெள்ளையணு நிறைஞ்ச தொண்டைச் சதை," என்றான். "சாயம் வேலை செய்யுதான்னு பார்க்க, தகட்டு ஓரத்துல வேற யாரோ ஒருத்தரோட நல்ல துண்டு ஒண்ணை ஒட்டி வைப்போம். நான் முதல்ல அதைத்தான் பார்த்தேன். தம்பியோடது கீழ இருக்கு."

மெல்ல நகர்த்திக் காட்டினான். பெரிது பெரிதாக, நீலமாக, நெருக்கியடித்துக்கொண்டு செல்கள். ஒன்றில்கூடப் பழுப்பு இல்லை.

மறுபடியும் தம்பிக்குப் போன் போட்டேன். தம்பி மனைவிதான் எடுத்தாள்.

"அண்ணி, சாப்பிட உட்கார்ந்திருக்காரு. கட்டி வந்ததுலேருந்து இன்னைக்குத்தான் வாய்விட்டுப் பசிக்குதுன்னாரு. குடுக்கவா?"

"வேணாம்மா," என்றேன். "சாப்பிட்டு முடிக்கட்டும்."

அவளும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.