குபேரிக்குச் சந்திராஷ்டமம்

நகம் வெட்ட நாள் பார்க்கிற மனுசனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாய்க்கு ஜாதகம் எழுதி, அதற்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்த மனுசனைப் பார்க்க வேண்டுமென்றால் சிவகாசிக்குத்தான் வர வேண்டும். காலண்டர் கம்பெனி தங்கச்சாமி அண்ணாச்சி என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். ஊரில் பெரிய ஆள். எம்புட்டுப் பெரிய ஆள் என்பது அவருக்கு வாக்கப்பட்டு வந்த பொன்னுத்தங்கத்துக்கு நன்றாகவே தெரியும்.

தினசரி காலண்டர் அச்சடித்து ஊர் ஊராக அனுப்புகிறவர் அவர். விற்பதோடு நிறுத்தினால் பரவாயில்லை. அல்வா கிண்டி விற்கிறவன் தன் அல்வாவையே தின்று தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்ட மாதிரி, காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் தன் காலண்டர் தாளைத்தான் படிப்பார். ராகுகாலம், எமகண்டம், கரிநாள், அதற்கும் கீழே பொடி எழுத்தில் ராசிக்கு ஒரு சொல்லாகப் போட்டிருக்கும் பலன், எல்லாவற்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார். 'பகை' என்று போட்டிருந்தால் அன்றைக்குப் பொண்டாட்டியோடு பேச மாட்டார். அந்த நாட்களில்தான் பொன்னுத்தங்கம் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

வெம்பக்கோட்டைப் பக்கம் நிலமும் மாடும் வைத்திருந்த கோட்டைச்சாமி என்கிற சம்சாரி வீட்டில் சிப்பிப்பாறை நாய் குட்டி போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு ஒருநாள் காரை எடுத்துக்கொண்டு போனார்கள். வெள்ளையில் லேசாகப் பழுப்பு கலந்த பெட்டைக்குட்டி ஒன்று நேராக வந்து பொன்னுத்தங்கத்தின் சேலைத் தலைப்பைக் கவ்வியது. அவள் அந்த நிமிசமே அதைத் தூக்கிக்கொண்டாள். அவருக்கு அது போதவில்லை.

"குட்டி எத்தன மணிக்குப் பொறந்துச்சு?" என்று கேட்டார்.

கோட்டைச்சாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். "மொதலாளி, நாய் குட்டி போடுறதுக்கு நான் என்ன வாச்சு கட்டிக்கிட்டா நின்னேன்? மாட்டுல பால் பீச்சிட்டு வந்து பாத்தேன், கெடந்துச்சு."

பால் பீச்சுகிற நேரம் என்று வைத்து ஒரு சோசியர் ஜாதகம் எழுதிக் கொடுத்துவிட்டார். திருவாதிரை நட்சத்திரம், மிதுன ராசி. நட்சத்திரத்துக்குத் தோதாக 'கு'வில் தொடங்க வேண்டுமென்று நாய்க்குக் குபேரி என்று பேர் வைத்தார். தெருவில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பத்தில் பொன்னுத்தங்கத்துக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

திருத்தங்கல் ரோட்டில் சின்னதாகக் கிளினிக் வைத்திருந்த கால்நடை டாக்டர் இசைவாணி குட்டியைப் பார்த்துவிட்டு, முதல் தடுப்பூசியை உடனே போட வேண்டும், சில வாரம் விட்டு இன்னொன்று, மூன்று மாதமானதும் வெறிநோய்க்கு ஒன்று, பிறகு வருசா வருசம் என்று பொறுமையாகச் சொன்னாள். அண்ணாச்சி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டு என்ன? முதல் தேதி அஷ்டமி என்று தள்ளிப்போனது. அடுத்தது கரிநாள். அதற்கடுத்தது ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் எவனாவது நல்ல காரியம் ஆரம்பிப்பானா? நடுவில் ஒருநாள் டாக்டருக்கே போன் போட்டார்.

"ஒங்க ராசி என்னம்மா?"

"எதுக்கு சார்?"

"ஊசி போடுற கைக்கும் நேரம் நல்லா இருக்கணும்லா."

டாக்டர் போனை வைத்துவிட்டாள். அந்த மாதம் பக்கத்துத் தெருவில் குட்டிநாய்கள் ரத்தமாகப் பேதியாகி ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. பொன்னுத்தங்கம் ஒரு காரியம் செய்தாள். ஆர்டர் விசயமாக மனுசன் சென்னைக்கு ரயிலேறிய மறுநாள் காலையிலேயே குட்டியைக் கூடையில் வைத்துக் கொண்டுபோய் ஊசி போட்டுவிட்டாள். ரெண்டாவது ஊசியும் அப்படித்தான், வெறிநோய் ஊசியும் அப்படித்தான். பிற்பாடு அண்ணாச்சி பஞ்சாங்கத்தையெல்லாம் அலசி ஒரு வளர்பிறை முகூர்த்தத்தில் நாயை அழைத்துவந்து நின்றபோது, டாக்டர் பொன்னுத்தங்கத்தைப் பார்த்தாள், பொன்னுத்தங்கம் கண்ணைக் காட்டினாள். குபேரிக்குச் சத்து ஊசி ஒன்று விழுந்தது. "பாத்தியா, நேரம் பாத்துப் போட்டதால நாய் ஒரு தும்மல் போடல" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் அந்த மகானுபாவர்.

குபேரி வந்த வருசம் ஆர்டர் ஏறியது. அதற்குக் காரணம் எதிர்க் கம்பெனிக்காரர்கள் அண்ணன் தம்பி அடித்துக்கொண்டு பாகம் பிரித்தது. ஊருக்கே தெரிந்த விசயம், இவருக்கு மட்டும் தெரியவில்லை. நாயால் வந்த யோகம் என்று முடிவு கட்டிவிட்டார். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருசக் காலண்டர் மாதிரிகளைக் கோத்த ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவது சிவகாசியில் எல்லாக் கம்பெனிக்கும் வழக்கம். இவர் கம்பெனியில் மட்டும் கூடுதலாக ஒரு கூத்து. முதல் ஆல்பத்தைக் குபேரியின் மூக்கருகே நீட்டுவார். அது மோந்து பார்த்த பிறகுதான் ஆல்பம் ஏஜெண்டுகள் கைக்குப் போகும். மாலையும் பொட்டுமாக நாய் மிரண்டுபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொன்னுத்தங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குட்டி போட வைக்கிற எண்ணம் இல்லையென்றால் கர்ப்பப்பையை எடுத்துவிடுங்கள், பின்னால் சீழ் பிடிக்க வாய்ப்பு உண்டு என்று டாக்டர் வருசா வருசம் சொன்னாள். "வீட்டு லெச்சுமி வயித்துல கத்தி வைக்கவா?" என்று அண்ணாச்சி காதைப் பொத்திக்கொண்டார். ஊசியை ஒளித்துப் போடலாம். வயிற்றில் தையலும், அதை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்புமாக ஒரு நாயை எங்கே ஒளிப்பது? அந்த ஒரு விசயத்தில் பொன்னுத்தங்கத்தின் சாமர்த்தியம் செல்லவில்லை.

ஒரு வருசம் ஆடி மாதம் டாக்டர் சொன்னது நடந்தது. குபேரி சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தது, சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்புறத்தை நக்கிக்கொண்டே கிடந்தது. வயிறு உப்பி, ஒருமாதிரி வாடை வர ஆரம்பித்தது. ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் சாயங்காலம் அதைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனபோது அண்ணாச்சியும் கூடவே வந்தார். ஸ்கேன் பார்த்த டாக்டரின் முகம் மாறிவிட்டது.

"அம்மா, கர்ப்பப்பை பூரா சீழ். இப்பவே ஆபரேசன் பண்ணி எடுத்தாகணும். உள்ளுக்குள்ள வெடிச்சிட்டா அப்புறம் என் கையில இல்ல."

"பண்ணுங்க" என்றாள் பொன்னுத்தங்கம்.

"இரு, இரு" என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து பாக்கெட் காலண்டரை எடுத்தார். "மிதுனத்துக்குச் சந்திராஷ்டமம். நாளைக்கு ராத்திரி வரைக்கும் இருக்கு. வெள்ளிக்கிழமை காலையில நல்ல நேரத்துல வச்சுக்கிடுவோம்."

"சார், அதுவரைக்கும் தாங்காது."

"தாங்கும்மா. நாளைக்குப் பலன் என்ன போட்ருக்கு பாருங்க. மிதுனம், நலம். ஒண்ணும் ஆவாது. காய்ச்சலுக்கு ஒரு ஊசியப் போடுங்க."

தள்ளிப்போடுவதற்கு ஒரு வரி, தைரியம் சொல்லிக்கொள்ள இன்னொரு வரி. ரெண்டும் அவர் அச்சடித்ததுதான். பொன்னுத்தங்கம் கத்தினாள், டாக்டர் கெஞ்சினாள். மனுசன் நாயைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு நேரே கம்பெனிக்குப் போய், தன் ஏசி அறையில் விட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். விடியும்போது யோகம் கம்பெனிக்குள்ளே இருக்க வேண்டுமாம்.

"சாவியக் குடுங்க" என்று கை நீட்டினாள்.

"அவ மோந்து பாக்காம ஆல்பத்த எப்படிக் குடுப்பேன்? வருசம் பூரா வியாபாரம் என்னத்துக்காவது? ஒனக்கு என்ன தெரியும், போ."

இந்த மனுசனை ஆம்பளை என்று நம்பிக் கழுத்தை நீட்டினோமே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. சாவி இருந்த இடுப்பை விட்டு அவர் கையை எடுக்கவே இல்லை. விடியுமுன்னே குளித்து, திருநீறு பூசி, அவள் எழுந்து வருவதற்குள் கிளம்பிப் போய்விட்டார்.

பொன்னுத்தங்கம் ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போய் இறங்கியபோது பந்தல் நிறைந்திருந்தது. சேலம், ஈரோடு, திருச்சி என்று வெளியூர் ஏஜெண்டுகள் சட்டையில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பட்டுத்துணி விரித்து அதன்மேல் குபேரியைக் கிடத்தியிருந்தார்கள். கழுத்தில் சாமந்தி மாலை. தலையைத் தூக்க முடியவில்லை அதற்கு. அண்ணாச்சி ஆல்பத்தை மூக்கருகே நீட்ட, அது கண்ணை மட்டும் திறந்து மூடியது. "மோந்துட்டா!" என்று அவர் சத்தமாகச் சொன்னதும் கைதட்டினார்கள்.

"அண்ணாச்சி, நாய்க்கு ஒடம்பு சரியில்லையா?" என்று சேலத்து ஏஜெண்டு கேட்டார்.

"சும்மா, வெயில் களைப்பு. காலண்டர்ல இன்னைக்கு மிதுனத்துக்கு என்ன போட்ருக்கு தெரியுமா? நலம்! நம்ம காலண்டர் என்னைக்காவது பொய் சொல்லியிருக்கா?"

பொன்னுத்தங்கம் மேடையில் ஏறினாள். அவரிடம் போகவில்லை, மைக்குக்குப் போனாள்.

"அந்த 'நலம்' நான் போட்டதுங்க" என்றாள். "போன சீசன்ல கம்ப்யூட்டர் பாக்குற பால்பாண்டி காய்ச்சல்ல படுத்துட்டாரு. அச்சு பிளேட்டுக்குப் போகணும்னு இவுக குதியாக் குதிச்சாக. நான்தான் ஒக்காந்து ஆடி, ஆவணி ரெண்டு மாசத்துக்கும் பலன் அடிச்சேன். லாபம், நட்பு, செலவு, நலம்னு வாயில வந்தத மாத்தி மாத்திப் போட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கிட்டே போட்டேன். அத நம்பித்தான் இவுக சாகக் கெடக்குற வாயில்லாச் சீவனுக்கு மாலை போட்டு வச்சிருக்காக."

பின்வரிசையில் எவனோ சிரித்தான். சிரிப்பு முன்னால் வரைக்கும் பரவியது. கையிலிருந்த ஆல்பத்தைச் சேலத்து ஏஜெண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவளுக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல, யாரும் தப்பா எடுத்துக்கிடாதீக" என்று அண்ணாச்சி மைக்கைப் பிடுங்கிக்கொண்டு உளறினார். அவர் கண் ஏஜெண்டுகள் மேல்தான் இருந்தது. நாயின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அதற்குள் பொன்னுத்தங்கம் மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு, பால்பாண்டியை ஒரு கை பிடிக்கச் சொல்லி, பட்டுத்துணியோடு குபேரியைத் தூக்கி வாசலில் நின்ற லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

வழியிலேயே போன் போட்டுச் சொல்லியிருந்ததால் டாக்டர் இசைவாணி எல்லாம் தயாராக வைத்திருந்தாள். வயிற்றைத் திறந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஏற்கெனவே வெடித்திருந்தது. தூக்கிக் காரில் போட்டதிலோ, இறக்கி மேடையில் கிடத்தியதிலோ, எதில் வெடித்ததென்று யார் கண்டது. சீழ் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். கர்ப்பப்பையை எடுத்தாள், தைத்தாள். குபேரிக்கு நினைவு திரும்பவில்லை, மூச்சு மட்டும் ஓடியது. பொன்னுத்தங்கம் அதன் காதை நீவிக்கொண்டே பக்கத்தில் நின்றாள்.

ஜன்னல் வழியே பார்த்தால் வெளியே கார் நின்றது. ஏஜெண்டுகளுக்குச் சாப்பாடு போட்டுச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு அண்ணாச்சி வந்திருந்தார். வந்தவர் படியேறவில்லை. வியாழக்கிழமை, ஒன்றரையிலிருந்து மூன்று ராகுகாலம். வேப்பமர நிழலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைப்பதுமாக இருந்தார். "சார் உள்ள வரலையா?" என்று டாக்டர் கேட்டாள். "அது வராது" என்றாள் பொன்னுத்தங்கம். கட்டின புருசனை அவள் 'அது' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

குபேரி இவர்கள் ரெண்டு பேர் கையிலும்தான் போனது. பெரிசாக ஒன்றும் துடிக்கவில்லை. ஒரு மூச்சு வந்தது, அடுத்தது வரவில்லை. பொன்னுத்தங்கம் வாய்விட்டு அழுதாள். டாக்டரும் அழுதாள்.

ராகுகாலம் முடிந்த பிறகு அவர் உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, வலது காலை எடுத்து வைத்து வந்தார்.

"எப்படி இருக்கு?"

"போயிட்டா" என்றாள் பொன்னுத்தங்கம்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஐயோ என்று ஒரு சொல் வரும், நாயைத் தொட்டாவது பார்ப்பார் என்று அவள் நினைத்தாள். இத்தனை வருசம் கூட வாழ்ந்தும் அப்படி நினைத்துவிட்டாள்.

"எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

அவளுக்குப் புரியச் சிறிது நேரமானது. அவர் கை அதற்குள் பாக்கெட் காலண்டரைத் தேடிக்கொண்டிருந்தது. "ரெண்டரைக்குத் திருவோணம் முடிஞ்சு அவிட்டம் பொறக்குது. அவிட்டத்துல உயிர் போனா அடைப்பு. ஆறு மாசம் வீட்டப் பூட்டணும், கம்பெனியவும் பூட்டணுமோ என்னமோ. ரெண்டரைக்கு முந்தியா, பிந்தியா?"

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள்.

"சொல்லாதீங்க டாக்டரம்மா" என்றாள் பொன்னுத்தங்கம். "ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன். இவுக காலுல விழுந்து கேட்டாலும் சொல்லாதீங்க."

"ஏ பொன்னு, வெளையாடாத. முந்தியா பிந்தியா, அத மட்டும் சொல்லிரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாயைத் துணியில் சுற்றித் தூக்கினாள். கனமாகத்தான் இருந்தது. அவர் பின்னாலேயே வந்தார், படியில் கேட்டார், வாசலில் கேட்டார், ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்று கேட்டார். முந்தியா, பிந்தியா. முந்தியா, பிந்தியா.

பொன்னுத்தங்கம் டிரைவரை வண்டியை எடுக்கச் சொன்னாள். அவள் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.