டொக்டரின் ஜன்னலில் பூரணியின் கை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. இதற்கு நல்ல நோக்கம் ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

போன சனிக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்துக்காரர் கந்தப்பன் கொழும்பிலிருந்து வந்தார். வட்டகொடை ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் நின்ற இடத்திலேயே சொன்னார்: "வாத்தியாரே, ஒங்க வீட்டுக்காரம்மா கை இன்னும் டொக்டரு ஜன்னல்லதான் தொங்குதுங்க."

என் மனைவிக்கு இரண்டு கைகளும் பத்திரமாக இருக்கின்றன. தொங்குவது எக்ஸ்ரே படம். ஐம்பத்தொன்பதில், கொழும்பு ஆஸ்பத்திரியில் அவள் கிடந்தபோது எடுத்தது. எங்கள் வீட்டில் அவளுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. முகம் தெரிகிற படமே என்னிடம் கிடையாது. அவளுக்கு வைத்தியம் பார்த்த அந்த டொக்டரோ எலும்பு வரைக்கும் வைத்திருக்கிறார்.

கந்தப்பன் இன்னொன்றும் சொன்னார். "திங்கக்கெழம கூட்டிட்டு வரச் சொன்னாருங்க. மறுபடி இடுப்பு வலின்னா தள்ளிப் போடக் கூடாதாம். கிட்னி கெட்டுப் போச்சுன்னா அப்புறம் அவராலயும் ஒண்ணும் செய்ய முடியாதாம்."

வீட்டில் வந்து சொன்னேன்.

"போவமாங்க?" என்றாள் பூரணி.

"ஒரு கதை எழுதப் போறேன். முடிச்சிட்டுச் சொல்றேன்."

"அதுவரைக்கும் கிட்னியில கல்லு சும்மா கெடக்குமா?"

(பூரணி என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. அதைச் சொன்னால் நீங்களும் ஒரு தடவை மனசுக்குள் கூப்பிட்டுப் பார்ப்பீர்கள்.)

2

முதல் தொடக்கம்: "டொக்டர் தம்பிராசா யாழ்ப்பாணத்து அழகர். அவருடைய வெள்ளைக் கோட்டில்—"

நிறுத்திவிட்டேன். அழகர் என்று எழுத எனக்கென்ன தலையெழுத்தா?

இரண்டாவது: "டொக்டர் தம்பிராசாவின் வழுக்கைத் தலையில் ஈ உட்கார்ந்திருந்தது."

தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "பொய்யி. அவருக்கு நெத்தி வரைக்கும் சுருட்ட முடி."

அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக் கொடுத்தவன் நான்தான். வேறு யாரைக் குற்றம் சொல்வது?

மூன்றாவது தொடக்கத்தில் அவருடைய தலைக்கே போகவில்லை. நோயிலிருந்து ஆரம்பித்தேன். கழுத்துக்குள்ளே நெல்மணி அளவில் நாலு சுரப்பிகள் இருக்கின்றனவாம். அதில் ஒன்று வீங்கிப்போனால் எலும்பிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்து ரத்தத்தில் விட்டுவிடுமாம். எலும்பு மெலியும், கரைந்த சுண்ணாம்பு சிறுநீரகத்தில் கல்லாக உறையும். எலும்பு ஒருபக்கம், கல் ஒருபக்கம் என்று இந்த நாட்டில் எல்லோரும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டையும் கழுத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துத் தேடியவர் தம்பிராசா. அதுதான் அவருடைய ஆராய்ச்சி.

அட, நானே அந்த ஆளைத் தூக்கிப் பிடித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

3

சரி, நடந்ததைச் சொல்கிறேன். பாதியை நான் பார்த்தேன். மீதி அவள் சொன்னது.

தம்பிராசா முதலில் எங்கள் தோட்டத்துக்குத்தான் வந்தார். கொழுந்துக் கூடையைத் தூக்க முடியாமல் குனிந்து நடந்த பூரணியைப் பார்த்துவிட்டு, ஒரு முழு நாள் மூத்திரம் வேண்டும் என்றார். ஒரு சொட்டும் வீணாகக் கூடாதாம். அவள் போத்தலோடு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். தேயிலைச் செடிக்கடியில் ஒளித்து வைத்ததை மூக்கன் கங்காணி கண்டுபிடித்து, சாராயம் என்று திறந்து மோந்து பார்த்துவிட்டார். அதற்கப்புறம் பூரணி பறிக்கிற நிரைப் பக்கமே அவர் வரவில்லை.

மறுநாள் டிஸ்பென்சரி வாசலில் டொக்டர் அந்தப் போத்தலை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "வடிவாச் சேர்த்திருக்கிறீர், பிள்ளை" என்றார்.

பிள்ளையாம்! நான் அவளை "இந்தா" என்று கூப்பிடுகிறவன். அவள் கொண்டுவரும் எதையும் நான் அப்படி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில்லை. அவளும் நான் எழுதியதை அழகு, "வடிவு" என்று சொன்னதில்லை.

பிறகு கொழும்பு. தோட்டத்துத் துரை எனக்கு லீவு தரவில்லை. அவளுடைய அண்ணன் கூட்டிப்போனார். இரண்டு மாதம் அவள் அங்கே, நான் இங்கே. அந்த ஆஸ்பத்திரி வார்டை நான் பார்த்ததேயில்லை.

[இந்த இடத்தில் வார்டை வர்ணிக்க வேண்டும். நாலு தடவை எழுதினேன். நாலு தடவையும் டொக்டர் அவள் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். கிழித்துப்போட்டேன்.]

4

முடிவுகள்.

முடிவு அ: டொக்டரின் ஆராய்ச்சி தப்பு என்று தெரிந்து, பெரிய டொக்டர்கள் கூடி அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆராய்ச்சி தப்பென்றால் வீங்கிய சுரப்பியை எடுக்கக் கழுத்தில் செய்த ஆபரேஷனும் தப்பு. பூரணி நிமிர்ந்திருக்கவே மாட்டாள். அவளோ அந்த நேரம் என் எதிரே நிமிர்ந்து நின்று ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். இடையிடையே மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். எழுதியதை அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: கணவன் கொழும்புக்குப் போகிறான். ஜன்னலிலிருந்து அந்தப் படத்தைப் பிடுங்கிக் கிழிக்கிறான்.

இதைத்தான் அவள் எடுத்து, விரலை வைத்து மெதுவாக வாசித்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். சிரித்தாள்.

"அந்தப் படத்தப் பாத்திருக்கீங்களா?"

"எங்க பாக்குறது?"

"அதுல என் கை மட்டுமில்லீங்க."

ஆபரேஷன் அன்று காலையில் நர்ஸ் தாலியைக் கழற்றச் சொல்லியிருக்கிறாள். வெட்டப்போவது கழுத்து. இவள் அழுதிருக்கிறாள். டொக்டர் வந்து, கழற்றி மணிக்கட்டில் கட்டிவிடுங்கள் என்றாராம். அதன்பிறகு கடைசியாக ஒரு தடவை விரல்களைப் படம் எடுக்க வேண்டும் என்றபோது, அதையும் அவிழ் என்றிருக்கிறாள் நர்ஸ்.

"கழுத்துல இருந்து எறக்கினதே போதும், இனி அவுக்க மாட்டேன்னுட்டேன். அப்புடியே எடுத்தாங்க. படத்த வெளிச்சத்துல புடிச்சிப் பாத்தா, எலும்பெல்லாம் மங்கலாக் கெடக்குது. அடியில தாலி மட்டும் பளிச்சுன்னு நிக்குது. டொக்டரு சிரிச்சிட்டாரு. 'பிள்ளை, உம்மட மனுசனும் படத்துக்குள்ள வந்திட்டார்' அப்புடின்னாரு. ஒங்களத்தான்."

 அவள் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டு கேட்டேன்.

"இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? அவரு எங்க தொட்டாரு, என்ன சொல்லிக் கூப்புட்டாருன்னுதானே கேட்டீங்க. எனக்கு எப்புடி இருந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

5

இந்த இடத்தில் பொறாமை தீர்ந்தது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். தீரவில்லை. கூடிவிட்டது. "உம்மட மனுசனும் படத்துக்குள்ள வந்திட்டார்." எழுதுகிறவன் நான், பத்திரிகையில் பெயர் வருகிறவன் நான். இப்படி ஒரு வாக்கியம் எனக்கு வரவில்லை, மூத்திரம் பரிசோதிக்கிற அந்த ஆளுக்கு வந்திருக்கிறது.

முடிவு இ: கணவன் அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்று, தன்னுடைய—

"எழுதினது போதும்" என்கிறாள் பூரணி. துணிப்பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். இன்று திங்கட்கிழமை. "கோட்ட மாட்டுங்க. ரயிலு வந்துரும்."

"துரைகிட்ட லீவு கேக்கலையே."

"போன தடவ கேட்டீங்களே, குடுத்தாரா?"

கோட்டை மாட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மிச்சமிருக்கிற மூன்று சுரப்பிகளில் எது வீங்கியிருக்கிறது என்பதை டொக்டர் பார்த்துக்கொள்வார். அந்த ஜன்னலுக்கு எதிரே போய் நின்றதும் நான் என்ன செய்வேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. படத்தைக் கழற்றித் தரச் சொல்லிக் கேட்பேனா, அங்கேயே தொங்கட்டும் என்று விட்டுவிடுவேனா? நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தக் கையை மனசில் நினைக்கும்போது தாலியைப் பார்த்தால் போதும். விரல்களை ரொம்ப நேரம் பார்க்காதீர்கள்.