எதிரில் நின்று பார்த்தவர்

பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தெருவில் அவருக்குப் பெயரே ‘செக்கிங்’தான். லேசில் யாரையும் நம்பமாட்டார். பல்பு வாங்கினால் கடையிலேயே எரியவிட்டுப் பார்ப்பார்; வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை எரியவிட்டுப் பார்ப்பார். ஏன் என்றால், “வழியில மாத்தியிருந்தா?” என்பார். பல்பு உங்கள் கையில்தானே இருந்தது என்று அவர் மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

அந்த மனைவி அன்று காலை கார் சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வீசிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“இனிமே நான் ஓட்டலைங்க. பெரியவன் சொன்ன மாதிரி வித்துரலாம். மத்தியானம் ஆளோட வர்றேன்னுருக்கான்.”

செக்கிங்குக்கு ஒரு கண் மங்கியதும் டாக்டர் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் அவள் கற்றுக்கொண்டாள். வீட்டில் சத்தம் போட்டுப் பேசாதவள், ஸ்டியரிங்கைப் பிடித்தால் வேறு ஆள். முன்னால் போகிற லாரிக்காரனை, “ஏம்ப்பா, ரோட்டை உனக்கு எழுதி வச்சிருக்கா?” என்பாள். சிக்னலில் நின்றால் மெதுவாகப் பாட்டு முணுமுணுப்பாள். அதைக் கேட்பதற்காகவே வேலையில்லாத வேலையெல்லாம் கண்டுபிடித்து அவர் கூடவே கிளம்புவார். இதை அவளிடம் சொன்னதில்லை. கார் போனால் போகட்டும். அந்தப் பாட்டு போய்விடுமே.

கொஞ்ச நாளாக எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. நேற்று சந்தைத் தெரு நெரிசலில் புகை கிளம்பி, பின்னால் இருந்தவனெல்லாம் ஹாரன் அடித்து அவளை அழவிட்டிருந்தான். மகன் போனில், “அம்மா கிளட்ச்சுல வச்ச காலை எடுக்கிறதே இல்லை, பின்ன சூடாகாம என்ன செய்யும்?” என்று தீர்ப்பே சொல்லிவிட்டான்.

“அவன் சொன்னா ஆச்சா? எஞ்சினுக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்தானா?” என்றார் செக்கிங். எழுந்து வந்து அவள் எதிரில் நாற்காலியைப் போட்டார். “சூடு காட்டுற ஊசி எங்க ஏறுச்சு? எங்க இறங்குச்சு?”

“நான் என்ன டிக்கெட் எடுக்காமலா வந்தேன்?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“சந்தைத் தெருவுல நின்னு நின்னு போறப்ப ஏறும். பாலத்துக்கு மேல வேகமாப் போனா தானா இறங்கிரும்.”

“அப்போ ஓடுற வண்டிக்குக் காத்து கிடைக்குது. நிக்கிற வண்டிக்குக் கிடைக்கல. உன் காலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எந்திரி.”

எஞ்சின் ஆறியிருந்தது. அப்படியும் ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத்தான் திறந்தார். தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்தது, நிரப்பினார். குழாய்களைத் தடவிப் பார்த்தார், கசிவில்லை. அவளை உள்ளே உட்காரவைத்து வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஊசி மெல்ல ஏறியது. பாதியைத் தாண்டியதும் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த ஃபேன் சர்ரென்று சுற்ற ஆரம்பித்தது.

“ஃபேன் சுத்துதுங்க. பாவம், அது நல்லாத்தான இருக்கு” என்றாள் உள்ளேயிருந்து.

வேறு ஆளாக இருந்தால் அதோடு விட்டிருப்பான். செக்கிங் சுற்றுகிற ஃபேனையும் நம்பவில்லை. பழைய காலண்டர் தாள் ஒன்றை எடுத்துவந்து காருக்கு முன்னால், மூக்குக் கம்பிகளுக்குப் பக்கத்தில் பிடித்தார். ஃபேன் காற்றை உள்ளே இழுத்தால் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது ஒட்டவில்லை. துள்ளி வந்து அவர் முகத்தில் அறைந்தது.

தாளை முகத்திலிருந்து எடுத்தார்.

ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. போன மாதம் ஃபேன் மோட்டார் மாற்ற எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு வந்திருந்தான். ஒயர் இரண்டும் எண்ணெய்ப் பிசுக்கில் ஒரே கறுப்பு. அவன் எதையாவது மாற்றிவிடுவானோ என்று இவர் கழற்றும்போது அவன் பக்கத்திலும், சேர்க்கும்போது காருக்கு அந்தப் பக்கம், அவனுக்கு நேர் எதிரிலும் நின்று காவல் காத்தார். சேர்க்கும்போது, “ஐயா, இது இந்தப் பக்கம் வரும்” என்றான். “இடது பக்கம் இருந்தது இதுதான். என் கண்ணு முன்னால கழட்டிட்டு எனக்கே கதை சொல்றியா?” என்று ஒரே போடாகப் போட்டார். எதிரில் போய் நின்றால் இடது வலதாகிவிடும் என்று அப்போது உறைக்கவில்லை. அவனும் ஆளை விட்டால் போதும் என்று சொன்னபடி முறுக்கிவிட்டுப் போனான்.

பழியை அவன் தலையில் கட்டலாம். அவன் இங்கே இல்லை, வந்து மறுக்கப்போவதுமில்லை. செக்கிங் அப்படி நினைத்துக்கொண்டேதான் அவள் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார்.

“வண்டியை நிறுத்து. தப்பு உன்னோடது இல்ல.”

“பின்ன யாரோடது?”

“என்னோடது. அந்தப் பையன் சரியாத்தான் சொன்னான். நான்தான் மாத்திச் சேர்க்க வச்சேன்.”

அவள் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். “நீங்க போட்ட சத்தத்துல, காபி கொண்டு வந்த நானே சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன்.”

“நம்புனதுதான் நீ செஞ்ச தப்பு.”

“உங்களக் கட்டிக்கிட்டப்பவே செஞ்சது. இப்பப் புதுசா என்ன?”

எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, அவர் பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஃபேன் ஒயரில் சுற்றியிருந்த டேப்பைப் பிரிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. அவளே குனிந்தாள்.

“எதிர்ல நிக்காதீங்க. இந்தப் பக்கம் வாங்க.”

வந்தார். அவள் இரண்டு ஒயரையும் இடம் மாற்றி முறுக்கி, தனித்தனியாக டேப் சுற்றினாள். பேட்டரி ஒயரை மாட்டி மறுபடி ஸ்டார்ட் செய்தார்கள். ஃபேன் சுற்றியது. இந்தத் தடவை தாள் கம்பியோடு சப்பென்று ஒட்டிக்கொண்டது. ஊசி பாதியில் நின்று, கொஞ்சம் கீழே இறங்கியது.

அந்த நேரம் பார்த்து மகன் போன் செய்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டானாம், வாங்க வந்தவரும் கூட நிற்கிறாராம்.

“அங்கேயே நில்லு. நான் வந்து கூட்டிட்டு வர்றேன்” என்றாள்.

“எதும்மா, அந்த வண்டியிலயா?”

“ஆமா. சந்தைத் தெரு வழியா.”

போனை வைத்துவிட்டு, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். செக்கிங் சட்டையைக்கூட மாற்றாமல் ஓடிவந்து பக்கத்தில் ஏறினார்.

“உங்களுக்கு என்ன வேலை அங்க?”

“ஊசியைப் பாக்க வேண்டாமா?”

“அதை நான் பாத்துக்கறேன். நீங்க கதவை ஒழுங்கா சாத்துங்க.”

சாத்தினார். தெருமுனையில் ஒரு லாரி குறுக்கே நின்றது. அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.