இடப்பக்க ஓரம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு இருந்தது, போன செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

நகத்துக்கு ஜெல் போடும் கடையில் ஆறு வருடமாக இருக்கிறேன். அண்ணியை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். முதுகு போய் அண்ணன் படுத்த பிறகு அண்ணி வேலைக்குப் போயே ஆக வேண்டியிருந்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக வைத்துக்கொள்கிறேன் என்றார் முதலாளியம்மா. அந்த மூன்று மாதம் போன வாரத்தோடு முடிய இருந்தது.

"தோல்ல படக்கூடாது அண்ணி. மயிரிழை அளவு இடம் விடுங்க. ஓரத்துல வழிஞ்சா, ஜெல்லை இறுக்குற லைட்டுக்குள்ள கை போறதுக்கு முன்னாடியே துடைச்சிடுங்க. இறுகிட்டா அப்புறம் அரத்தோட மல்லுக்கட்டணும்." தினமும் இதையே வாய் கிழியச் சொல்வேன்.

"சரிங்க நொட்டாங்கை டீச்சர்" என்பார் அண்ணி. என்னைவிட ஏழு வயது பெரியவர். அந்தக் கடையில் இடது கையால் வேலை செய்வது நான் ஒருத்திதான்.

செவ்வாய்க்கிழமை மதியம் மருந்துக்கடைக்காரம்மா விடுவிடுவென்று உள்ளே வந்து இரண்டு கையையும் மேசையில் வைத்தார். சனிக்கிழமை போட்டுக்கொண்டு போனவர்.

"தலை வாரினா முடி சிக்குது. துணியில பட்டா நூல் இழுக்குது. இதுக்குப் பேர் வேலையா?"

"யாரு போட்டது?" என்றார் முதலாளியம்மா.

"மூஞ்சி பூரா மாஸ்க். யாருன்னு நான் எதைக் கண்டேன்?"

சனிக்கிழமைக் கூட்டத்தில் யார் யாருக்குப் போட்டோம் என்று எங்களுக்கே நினைவில்லை. நான் அந்த நகங்களை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"வேற யாரு? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அண்ணி. ஜெல் போடுறீங்களா, செவுரு கட்டுறீங்களா?"

காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு இன்னும் வேகம் வந்தது. உங்களைச் சேர்த்துவிட்டதற்கு என் மானம் போகிறது என்றுகூடச் சொன்னேன். அண்ணி குனிந்து அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, "மன்னிச்சிடுங்கம்மா" என்று மருந்துக்கடைக்காரம்மாவிடம் மட்டும் சொன்னார்.

"நாளையிலேருந்து வரவேணாம்" என்றார் முதலாளியம்மா. அண்ணி மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனார்.

பழையதை எடுக்க நான் உட்கார்ந்தேன். மூன்றாவது விரலைத் தேய்த்து முடித்ததும் அரம் நின்றது. தடிப்பு ஒரு பக்கம்தான் இருந்தது, இடப்பக்கம். அடுத்த விரலிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே. வலது கைக்காரர்களுக்கு அவர்கள் கை வலப்பக்க ஓரத்தை மறைக்கும், ஜெல் அங்கேதான் தேங்கும். இடப்பக்கத்தை மறைப்பது என் கை. சனிக்கிழமை அவசரத்தில், இவ்வளவுதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு கையை அப்படியே லைட்டுக்குள் தள்ளியதும் நினைவுக்கு வந்தது.

அப்போதே எழுந்து முதலாளியம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். ஏழு விரல் மிச்சம் இருந்தது. ஆள் முன்னால் வேண்டாம், முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டினேன். ஏழையும் தேய்த்தேன். பொடியைத் துடைத்துக் குப்பையில் போட்டேன். புதிதாக மெல்லிசாகப் போட்டுவிட்டேன். ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்த மருந்துக்கடைக்காரம்மா, "கைன்னா இது கை" என்றார். எனக்குக் கூசியது.

கடை சாத்தும் நேரத்தில் முதலாளியம்மாவிடம் போய் நின்றேன்.

"அது நான் போட்டதுங்க. அண்ணி இல்லை."

அவர் என் தோளைத் தட்டினார். "அண்ணிக்காகப் பழியை உன் தலையில போட்டுக்கிறியா? இந்தக் காலத்துல யாருக்கு இந்த மனசு வரும்?"

"நிஜமாத்தான் சொல்றேன். இடப்பக்கம் மட்டும் தடிச்சிருந்துச்சு."

"எங்க, காட்டு."

காட்ட என்னிடம் என்ன இருந்தது? "வேற பொண்ணுக்குச் சொல்லியாச்சும்மா" என்று சாவியை எடுத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நல்ல மனசுக்காரி என்ற பெயரோடு வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அண்ணி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். உள்ளே அண்ணன் படுத்திருந்தான். அவன் காதில் விழாமல் சொன்னேன்.

"அண்ணி, அது என் வேலை."

"தெரியும். பார்த்தவுடனே தெரிஞ்சுது."

"அப்ப ஏன் அங்கேயே சொல்லலை?"

"அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றது?" அவர் ஒரு சட்டையை உதறினார். குரலில் கோபமே இல்லை. "தேய்க்க உக்காந்தா நீயே பார்த்துடுவே, உடனே என்னைக் கூப்பிடுவேன்னு நினைச்சேன். போனைக் கையிலயே வெச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்தேன். மூணு பஸ்ஸை விட்டேன்."