செப்புத் தகட்டில் அடையாற்று நாணல்

மயிலாப்பூரில் அச்சுக்குப் படத் தகடு செய்யும் பிளாக் பட்டறை நடத்திய அப்துல் கஃபாரின் மகள் வஜீஹா. புகைப்படத்தைச் செப்புத் தகட்டில் ஏற்றி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவி ஈரக் காகிதத்தில் அழுத்தி எடுக்கும் வேலை அவளுக்குச் சின்ன வயதிலேயே கைவந்துவிட்டது. கல்யாணமாகிச் சைதாப்பேட்டைக்கு வந்தபோது தகப்பனாரிடம் அவள் கேட்டு வாங்கிவந்த சீர், ஒரு கை அச்சு இயந்திரம்தான்.

புருஷன் கரீமுல்லாவுக்குக் கடைவீதியில் பீங்கான் கடை. யுத்தத்துக்கு முன்னால் ஜப்பான் கோப்பைகள் வரும் பெட்டிகளின் மூடியில் படம் ஒட்டியிருக்கும். ஒரு கொக்கு, இரண்டு புல், மிச்சமெல்லாம் வெறும் வானம். வஜீஹா அவற்றைக் கிழியாமல் உரித்து வைத்துக்கொள்வாள். ஒரு புல்லை இவ்வளவு பொறுமையாகப் பார்க்கிற ஜனங்களும் இருக்கிறார்களா என்று அவளுக்கு ஆச்சரியம். அப்புறம் அவளும் காமிராவை எடுத்துக்கொண்டு அடையாறு கடலில் சேருமிடத்துக்குப் போக ஆரம்பித்தாள். மழைக்கு முன் சாயும் நாணல். பனியில் பாதி மறைந்த படகு.

நாணலின் கறுப்பு அழுத்தமாக இறங்க வேண்டும். பனி காகிதத்தின் வெள்ளையாகவே நிற்க வேண்டும். எத்தனையோ தகடுகள் பாழாயின. சரியாக வந்த முதல் தாளை ஈரத்தோடு தூக்கிப் பிடித்து, "என்னங்க, வந்து பாருங்க! இதுக்குமேல யாராலயும் போட முடியாது!" என்று கத்தினாள். கரீமுல்லா மறுக்கவில்லை.

1946இல் அடையாறில் ஒரு சித்திரக் கண்காட்சி. வஜீஹா படங்களை மாட்டி, கீழே ஒரு சீட்டு ஒட்டினாள்: 'ஜப்பானியர் இயற்கையை ரசிக்கும் விதத்தைப் பார்த்துக் கற்றது.'

கண்காட்சிப் பொறுப்பாளர் துரைராஜ் பதறிப்போனார். "படம் அருமைம்மா. சீட்டை மட்டும் எடுத்துடுங்க. ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பர்மாவுலேருந்து நடந்தே வந்த ஜனங்க ஊரெல்லாம் இருக்காங்க. ஜப்பான்னாலே கொதிச்சுப்போவாங்க."

"யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டேனோ அவங்க பேரைச் சொல்லத்தானே வேணும் சார்?"

"அப்ப இங்க மாட்ட முடியாதும்மா."

வஜீஹா ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துவந்தாள். மறுநாள் காலை கடை வாசலில் கயிறு கட்டி அத்தனையையும் தொங்கவிட்டாள், சீட்டோடு.

சந்தைக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஆற்றோரக் குடிசையில் இருந்த செண்பகமும் வந்தாள். ரங்கூனிலிருந்து நடந்து வரும் வழியில் புருஷனைப் பறிகொடுத்தவள் அவள். அது கடைவீதி முழுக்கத் தெரியும்.

"இதுல இன்னா எழுதிக்கீது?" என்று கேட்டாள்.

வஜீஹா சீட்டை ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டினாள். செண்பகம் பனியில் மறைந்த படகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்ற வழியெல்லாம் இதே மாதிரி பனிதான்மா. புள்ளைய தூக்கிக்கினு ஓடினேன். எதையும் பாக்கல. இப்பதான் பாக்கறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ கழட்டாதே. எங்க ஆளுங்களை இட்டாறேன்" என்று போனாள்.

சொன்னபடியே பர்மாவிலிருந்து வந்தவர்களையெல்லாம் கூட்டி வந்தாள். கடைக்குள் வியாபாரமே நடக்க முடியாதபடி கூட்டம். விஷயம் காதில் விழுந்து துரைராஜ் தேடி வந்தார். ஜனங்களையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தவர், "சீட்டோடவே குடுங்கம்மா" என்றார்.

"இவங்க பார்த்து முடிக்கட்டும் சார். அப்புறம் தர்றேன்" என்றாள் வஜீஹா.

துரைராஜ் காத்திருந்தார். அடையாறு கண்காட்சியில் நடுச் சுவரே அவள் படங்களுக்குக் கிடைத்தது. வெள்ளைக்கோட்டு போட்ட கரீமுல்லா, வருகிறவர்களிடமெல்லாம், "என் சம்சாரம் போட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்காதவர்களிடமும் சொன்னார். வஜீஹா அவரைத் தடுக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தலைநிமிர்ந்து பக்கத்திலேயே நின்றாள்.